கேள்வி – பதில்: கட்சிக்காரரிடம் ஸ்பானிய மொழியில் பேசலாமா?

கேள்வி: நான் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் குடிவரவு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். என் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஹோண்டுராஸ், எல் சால்வடார், குவாத்தமாலா ஆகிய நாடுகளிலிருந்து வந்து புகலிடம் கோருபவர்கள். அலுவலக உதவியாளர் மொழிபெயர்த்துச் சொல்ல, நான் குறிப்பெடுத்துக்கொள்வதே இதுவரை வழக்கம். நாற்பது வயதைக் கடந்த நிலையில் ஸ்பானிய மொழி கற்பதால் பலன் உண்டா? மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சமாளிக்க எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: தாராளமாகக் கற்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிடும் எண்ணத்தோடு தொடங்க வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறை, வேறு வேலையின்றி முழுநேரமாகப் படிக்கும் தன் அலுவலர்களுக்கே இம்மொழிக்கு ஏறத்தாழ 700 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் அது உரையாடும் அளவுக்கான மொழியாக இருக்குமே தவிர, பிரமாண வாக்குமூலம் எழுதும் அளவுக்கான மொழியாக இருக்காது.

பலன் வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த ஓர் அறையில், ஒரு பெண்ணின் வாக்குமூல வரைவை அவருக்கு ஸ்பானிய மொழியில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய சந்திப்பில் வேறொருவர் மொழிபெயர்த்திருந்த அந்த வரைவில் 'கணவர் என்னை அடித்தார்' என்று இருந்தது. அவர் தலையை அசைத்து, 'சியெம்ப்ரே' என்று ஒரே ஒரு சொல் சொன்னார்: 'எப்போதும்'. முதல் நாள் அவர் சொன்னது 'மே பெகாபா' என்பதாம். 'மே பெகோ' என்றால் ஒருமுறை அடித்தார் என்று பொருள். 'மே பெகாபா' என்றால் அடிப்பது அவருடைய வழக்கமாக இருந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே இறந்தகால வினையில் அடக்கிவிட முடியும் என்பதால், ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை ஒருநாள் நிகழ்ச்சியாகத் தாளில் சுருங்கிப்போயிருந்தது.

இந்த வேறுபாடு தமிழருக்குப் புதிதல்ல. 'அன்றைக்கு அடித்தார்' என்பதற்கும் 'அப்போதெல்லாம் குடித்துவிட்டு வந்து அடிப்பார்' என்பதற்கும் உள்ள இடைவெளியை நாம் யோசிக்காமலே உணர்கிறோம். பின்னதில் வினை எதிர்கால வடிவில் இருந்தாலும் அது பழைய வழக்கத்தைச் சொல்கிறது என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. ஆகவே முதல் மூன்று மாதங்களில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும், இந்த இரண்டு இறந்தகாலங்களையும் காதால் பிரித்தறியப் பழகுங்கள்.

இன்னோரிடத்தில் தமிழ் உங்களை ஏமாற்றும். ஸ்பானிய மொழியிலும் எழுவாயைச் சொல்லாமல் விடலாம், வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும் என்று கேட்டதும் நம் மொழி போலவே இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடுவோம். ஆனால் நமக்குச் 'சொன்னான்', 'சொன்னாள்' என்று பால் தெரியும். அவர்களுடைய 'திஹோ' என்ற சொல்லுக்கு அவன் சொன்னான், அவள் சொன்னாள், நீங்கள் சொன்னீர்கள் என்ற மூன்று பொருளும் உண்டு. 'சு காசா' என்பதும் அப்படியே: அவனுடைய வீடா, அவளுடைய வீடா, உங்கள் வீடா என்பது சொல்லிலிருந்து தெரியாது. மிரட்டியவர் யார், எந்த வீட்டில் என்பதில்தான் வழக்கே நிற்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் நிறுத்தி 'யார்?' என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மரியாதைப் பன்மை நமக்கு எளிது. 'உஸ்தேத்' என்பது நீங்கள். 'தூ' என்பது நீ. மத்திய அமெரிக்காவில் நெருங்கியவர்களிடையே 'வோஸ்' என்றும் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நீங்கள் பயன்படுத்த வேண்டாம். வயதில் இளையவராக இருந்தாலும் கட்சிக்காரரை 'உஸ்தேத்' என்றே அழையுங்கள்.

ஆங்கிலச் சொற்களின் ஒலியை ஒத்துப் பொருள் மாறும் ஸ்பானியச் சொற்களுக்குத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். 'கொன்விக்சியோன்' என்பது, ஆங்கிலத்தில் குற்றத் தீர்ப்பைக் குறிக்கும் 'கன்விக்‌ஷன்' போல ஒலித்தாலும், மனத்தின் உறுதியான நம்பிக்கையைக் குறிக்கும். குற்றத் தீர்ப்புக்குக் 'கொந்தேனா' என்ற சொல் இருக்கிறது. 'செந்தென்சியா' என்று கேட்டதும் ஆங்கில 'சென்டென்ஸ்' நினைவில் சிறைத் தண்டனை என்று குறித்துவிடாதீர்கள், விவாகரத்துத் தீர்ப்பும் செந்தென்சியாதான்.

எங்கே நிறுத்துவது என்பதே மிகவும் முக்கியம். 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டைக்கூடக் காரணம் காட்டி மனுதாரரின் நம்பகத்தன்மையைக் குடிவரவு நீதிபதி மறுக்கலாம். 5/6 என்று ஹோண்டுராஸ்காரர் எழுதினால் அது ஜூன் 5. அமெரிக்கப் படிவத்திலோ அது மே 6. இப்படி ஒரு தேதி இடம் மாறினாலே கேள்வி எழும் என்றால், அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒரு வாக்கியம் என்ன செய்யும்? வரவேற்பு, நலவிசாரிப்பு, அடுத்த சந்திப்பின் தேதி, கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை நீங்களே பேசுங்கள். கையெழுத்திடும் எதையும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் முழுமையாகப் படித்துக் காட்டட்டும். அப்போதும் நீங்கள் கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே அன்றி, 'அவரிடம் கேளுங்கள்' என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசக் கூடாது.

கேள்வி: கட்சிக்காரர் தன் பன்னிரண்டு வயது மகளை அழைத்துவருகிறார். அவள் இரு மொழிகளையும் சரளமாகப் பேசுகிறாள். அவளையே மொழிபெயர்க்கச் சொன்னால் செலவு மிச்சமாகுமே?

பதில்: கூடாது. தாய்க்கு நேர்ந்ததை மகள் வாயால் சொல்லவைப்பது ஒருபுறம் இருக்கட்டும். மகள் எதிரில் அந்தத் தாய் உண்மையை முழுமையாகச் சொல்லவே மாட்டார். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2021இல் வெளியிட்ட 500ஆம் எண் நெறிமுறைக் கருத்துரையும், மொழித் தடை உள்ளபோது தகுதியான மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்வதை வழக்கறிஞரின் கடமையாகவே கருதுகிறது. இரு மொழி பேசத் தெரிவது வேறு, மொழிபெயர்க்கத் தெரிவது வேறு.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நோட்டரி சேவையும் உண்டு. பெயர்ப்பலகையில் 'நொத்தாரியோ' என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள், டெக்சாஸ் சட்டம் அதைத் தடை செய்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'நொத்தாரியோ' என்பவர் சட்டம் பயின்று உயர்ந்த பொறுப்பில் இருப்பவர். இங்குள்ள நோட்டரி கையெழுத்துக்குச் சான்றளிப்பவர் மட்டுமே. அந்தப் பலகையை நம்பிப் பணத்தையும் மனுவையும் இழந்தவர்கள் பலர்.

கேள்வி: குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு கட்சிக்காரர் எதைக் கேட்டாலும் 'சி' (ஆம்) என்றே பதில் சொல்கிறார். என் ஸ்பானிய உச்சரிப்பில் குறையா?

பதில்: குறை உங்களிடம் இல்லாமலும் இருக்கலாம். குவாத்தமாலாவில் மாயா பழங்குடியினரின் 22 மொழிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மாம் அல்லது கிச்சே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ஸ்பானிய மொழி, பள்ளியிலும் சந்தையிலும் அரைகுறையாகப் பழகிய இரண்டாம் மொழியாக இருக்கக்கூடும். அதிகாரிபோல் தோன்றும் ஒருவரிடம் 'புரியவில்லை' என்று சொல்வதைவிட 'ஆம்' என்று சொல்லித் தப்பிப்பது அவருக்கு எளிது. 'ஸ்பானிய மொழி புரிகிறதா?' என்று கேட்டால் அதற்கும் 'சி' என்றே பதில் வரும். சிறுவயதில் அம்மாவிடம் எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேளுங்கள். 'மாம்' என்று பதில் வந்தால், அன்றைய குறிப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மாம் மொழிபெயர்ப்பாளர் கிடைத்த பிறகு முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.