பட்டறைப் பதில்கள்: கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: என் காருக்கு இருபத்தாறு வயது. பெட்ரோல், இன்ஜெக்‌ஷன் இன்ஜின், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) உண்டு. புகைப் பரிசோதனையில் இரண்டு முறை ஃபெயில். சீட்டில் கார்பன் மோனாக்சைடு 3.8 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 260 பிபிஎம் (பத்து லட்சத்தில் 260 பங்கு), லாம்டா 0.90 என்று இருக்கிறது. கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றினால் பாஸ் ஆகுமா?

பதில்: ஆகாது. பணத்தை உள்ளே வையுங்கள். மூன்று எண்களையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி 'ஃபெயில் ஆகிவிட்டது, என்ன செய்ய?' என்ற ஒரே வரிதான். காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லாமல் மருந்து கேட்பது மாதிரி.

உங்கள் சீட்டில் விஷயம் இருப்பது லாம்டாவில். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருந்தால் லாம்டா 1. உங்களுக்கு 0.90. வேண்டிய காற்றில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இதைக் கன்வெர்ட்டரால் மாற்ற முடியாது. கார்பன் மோனாக்சைடை எரித்துக் கார்பன் டை ஆக்சைடு ஆக்குவதுதான் அதன் வேலை. உள்ளே போன காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்ற கணக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். ஆகவே கோளாறு கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. இன்னொன்று, எரிக்க ஆக்சிஜன் வேண்டும். உங்கள் புகையில் அது மிச்சம் இருக்காது. புத்தம் புதுசை மாட்டினாலும் கிட்டத்தட்ட இதே சீட்டுதான் கைக்கு வரும்.

நானே என் காரில் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரும் மாற்றினேன். எண் அசையவில்லை. அடுத்தவர் வண்டி என்றால் முதல் நாளே மீட்டரை எடுத்திருப்பேன், சொந்த வண்டி என்றால் புத்தி இப்படித்தான் போகும். கடைசியில் வெறுத்துப்போய், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை அளந்தேன். கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு அது. பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல் காட்டும், 80 டிகிரிக்கு வந்தால் சில நூறு ஓமுக்கு இறங்கிவிட வேண்டும். என்னுடையது இன்ஜின் கொதிக்கக் கொதிக்க இருந்தும் 2,000-லேயே நின்றது. பெட்ரோல் அளவை முடிவு செய்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பாவம், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டு முள்ளோ சரியான இடத்தில் நின்று என்னை ஏமாற்றியது. அந்த முள்ளுக்குச் சென்சார் வேறு, கம்ப்யூட்டருக்கு வேறு. பழைய வண்டிகள் பலவற்றில் இப்படித்தான்.

அதனால் நீங்கள் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். அது சரி என்றால், இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் இன்ஜின் நிஜமாகவே சூடாகாது, சென்சார் மேல் பழி போட முடியாது. அடுத்து, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரில் ஒரு சின்ன வேக்குவம் குழாய் இருந்தால் அதைக் கழற்றி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளே டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. ஆயில் குச்சியையும் மோந்துவிடுங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் அந்த ஆவி திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போய் எரியும், எண்ணும் ஏறும். ஆயிலை மாற்றாமல் சோதனைக்குப் போகாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் கடைசி. வண்டி சூடான பிறகு அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் படுத்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் சென்சாரை மாற்றும் முன், அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இல்லையே என்று பார்த்துவிடுங்கள். ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்தால், கலவையில் காற்று அதிகம் என்று சென்சார் பொய் சொல்லும், கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றும்.

லாம்டா 1-க்கு வந்த பிறகும் கார்பன் மோனாக்சைடு இறங்கவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

சோதனை அன்று அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டுப் போங்கள். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில்தான் வேலையை ஆரம்பிக்கும். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்து ஆறவிட்டால் ஓட்டியது வீண்.

கேள்வி: கார்பரேட்டர் வண்டி. கார்பன் மோனாக்சைடு 0.4 சதவீதம்தான், ஆனால் ஹைட்ரோகார்பன் 1,400 பிபிஎம். பிளக், பிளக் வயர் எல்லாம் புதுசு. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) குலுங்குகிறது.

பதில்: உங்களுடையது மேலே உள்ள வண்டிக்கு நேர் எதிர். கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறுகிறது என்றால், சில சமயம் சிலிண்டரில் கலவை பற்றவே இல்லை, பச்சைப் பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. பிளக்கும் வயரும் புதுசு என்பதால் என் சந்தேகம் எங்கோ காற்று இழுக்கிறது என்பதுதான். காற்று கூடிக் கலவை மெலிந்துபோனால் நல்ல பிளக்கும் பற்றவைக்காது. சீட்டில் ஆக்சிஜன் எண் இருந்தால் பாருங்கள், அதுவும் ஏறியிருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்பரேட்டரின் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட், வேக்குவம் குழாய்கள் என்று ஒவ்வொன்றின் பக்கமாக நகர்த்துவேன். 'உஸ்' என்று கேட்கிற இடம்தான் இடம். ஃபேனிலிருந்து குழாயையும் கையையும் தள்ளியே வையுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், ஐடில் மாறினால் பிடித்துவிட்டீர்கள். கார்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கிற திரவத்தை அடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த குழாயையும் வண்டி நிற்கும்போது ஒரு நொடி நசுக்கிப் பாருங்கள். குலுங்கல் நின்றால் காற்று அந்தப் பக்கம் போகிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்ட வேண்டாம், அது பிரேக் சமாச்சாரம்.

இதெல்லாம் சுத்தம் என்றால் டைமிங், வால்வ் கிளியரன்ஸ், கம்ப்ரஷன் என்று போக வேண்டியிருக்கும். கார்பரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அதுவரை தொடாதீர்கள்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. சோதனைக்கு முந்தின இரவு பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: விளக்கு அணையும். அதோடு கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டிப் படிக்கிற சோதனை என்றால் 'இன்னும் தயாராகவில்லை' என்று அது காட்டிக்கொடுக்கும். திரும்பத் தயாராக, குளிர்ந்த இன்ஜினில் கிளப்பி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் சில நாட்கள் ஓட்ட வேண்டும். கோளாறு உள்ளேயே இருந்தால் அதற்குள் விளக்கு மறுபடியும் வந்து நிற்கும். வயரைக் கழற்றாமல், ஸ்கேனரில் வருகிற கோளாறு எண்ணை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.