கொள்கை வீட்டுப் பிள்ளைகள்: கேள்வி பதில்

தோழர், நாங்கள் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள். ஏழு வயது மகனை அவன் பாட்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி அனுப்புகிறார். தடுக்கலாமா?

வேண்டாம். ஏழு வயதில் கோயில் என்றால் பாட்டியின் கை, மணிச்சத்தம், சுண்டல். வீட்டுக்கு வந்ததும் திருநீற்றை அழித்தீர்களானால் அம்மா பக்கமா பாட்டி பக்கமா என்று அவன் திண்டாடுவான். பிறகு அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு என்று பழகிவிடுவான்.

"சாமி இருக்கா?" என்று கேட்டால் மூன்று வாக்கியம் போதும். எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணம் இது. பாட்டி நம்புகிறார், அவர் சொல்லும் காரணம் இது. மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அடுப்படியில் நிற்கும் பாட்டி காதில் விழுந்தால் "ஆமா, நான் அப்படித்தான் சொல்வேன்" என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். "பாட்டிக்கு விவரம் பத்தாது" என்பது கிண்டல். அதைக் காரணத்தில் சேர்க்க முடியாது.

பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் எழுதாமல் விடலாமா?

விடலாம். தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை வந்தது, 2000-இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அலுவலகத்தில் முரண்டு பிடித்தால் ஆணையின் நகலைக் காட்டுங்கள்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடஒதுக்கீட்டில் இடம் கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் 69 விழுக்காட்டுக்கு வெளியே, பொதுப் போட்டிக்கான 31-இல்தான் முட்டி மோத வேண்டும். கொள்கை உங்களுடையது, விலை கொடுப்பது பிள்ளை. உங்கள் இருவரின் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். வளர்ந்தபின் வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

ஆறு வயது மகள் கட்சி மேடையில் தலைவர் வசனம் பேசினாள். ஒரே கைதட்டல். இதில் தப்பு இருக்கிறதா?

இருக்கிறது. மேடையில் ஏற்றாதீர்கள். கைதட்டு வாங்கிய வசனத்தைச் சந்தேகப்பட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. தேர்தல் பிரச்சாரத்தில் குழந்தைகளைக் கோஷம் போடவோ நோட்டீஸ் கொடுக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024-இல் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அந்த வசனத்தில் ஒரு சொல்லை எடுத்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பத்து வயதுப் பையனுக்கு அரசியல் செய்தியை எப்படிப் பழக்குவது?

ஒரே செய்தி, சாய்வு வேறான இரண்டு நாளிதழ்கள், ஒரு பென்சில். பரந்தூர் விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு யார் பக்கம் சாய்கிறது? யார் யார் பேசியிருக்கிறார்கள்? ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத எண் எது? அதற்கு நிலம் போகும் ஏகனாபுரத்துக்காரர்கள் எத்தனையாவது பத்தியில் வருகிறார்கள்? குறித்து முடித்ததும், நிலம் போகும் விவசாயியாக இரண்டு நிமிடம், விமான நிலையம் வேண்டும் என்பவராக இரண்டு நிமிடம் அவன் பேசட்டும். உங்கள் கருத்து கடைசியில், அதுவும் கேட்டால் மட்டும்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் பெற்றோரால்தான். எதிர்த்தரப்புக்குப் பேசும் முறை வந்ததும் அப்பா கோமாளிக் குரலில் பேசுவார். பையன் சிரிப்பான், பாடம் அங்கேயே முடிந்தது.

எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்?

கிளை நூலகத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் அதில் இருக்கட்டும்.

அப்படியானால் சாதி கூடாது என்பதையும் "என் கருத்து இது, பெரியப்பா கருத்து அது" என்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டுமா? எங்கள் பிள்ளைகளின் மானம் பட்டிமன்றத் தலைப்பு இல்லை.

இல்லவே இல்லை. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அதற்கு இரண்டு பக்கம் கிடையாது. இடஒதுக்கீட்டின் அளவு, கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை விலக்குவது), உள்ஒதுக்கீடு ஆகியவற்றில் உண்மையிலேயே வாதம் நடக்கிறது. அதை வாதமாகவே சொல்லுங்கள். ஜெர்மனியில் 1976-இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி, அரசியல் கல்விக்கு வகுத்த நெறியும் இதுதான்: மாணவரை அமுக்கி ஒத்துக்கொள்ள வைக்காதே, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு, தன் நலன் எதில் என்று அவரே ஆராயப் பழக்கு. சர்ச்சை இல்லாததைச் சர்ச்சையாக்கு என்று அதில் இல்லை.

எது சர்ச்சை, எது இல்லை என்று நீங்களே கோடு போட்டால் அதுதான் மூளைச்சலவை. எங்கள் வீட்டில் கடவுள் உண்டு என்பதும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதுதான்.

நல்ல அடி. கோடு போடுவது பெற்றோர்தான், மறுக்கவில்லை. நடத்தைக்குக் கோடு போடலாம், நம்பிக்கைக்குப் போட முடியாது. "இந்த வீட்டில் யாரையும் சாதி சொல்லித் திட்டக் கூடாது" என்பது விதி, மீறினால் கண்டிக்கலாம். "கடவுளை நம்பு", "நம்பாதே" இரண்டையும் விதியாக்கினால் பிள்ளை நடிக்கும், அவ்வளவுதான். பூஜையறைக்குச் செருப்போடு போகாதே என்று நீங்கள் சொல்லலாம், அது நடத்தை.

நடத்தை மட்டும் போதும் என்றால் மனசுக்குள் சாதி அப்படியே இருக்குமே!

இருக்கலாம், அதை உபதேசத்தால் எடுக்கவும் முடியாது. கொள்கை பேசும் வீடுகளிலும் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கென்று தனி டம்ளர் ஜன்னல் திட்டில் கவிழ்ந்திருக்கிறது. உங்கள் சொற்பொழிவைவிட அதைத்தான் பிள்ளை பாடமாக எடுத்துக்கொள்கிறது. முதலில் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு வையுங்கள்.

மாறுவேடப் போட்டிக்குத் தலைவர் வேடம் போட்டு, கட்சிக் கூட்டத்தில் இரண்டு வரி...

மேடையில் ஏற்றாதீர்கள். மேலே சொல்லியாயிற்று.

மாநாட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

போகலாம், மடியில். மைக் பக்கம் வேண்டாம்.

கல்லூரிக்குப் போன மகன் எதிர் முகாமில் சேர்ந்துவிட்டான்.

18 ஆகிவிட்டதென்றால் ஓட்டு அவனுடையது. யாருக்குப் போட்டாய் என்று கேட்காதீர்கள், கல்லூரிக் கட்டணத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். என்ன படித்து அங்கே போனான் என்று கேட்டு, அதை நீங்களும் வாங்கிப் படியுங்கள்.