பவுலும் வேண்டாம், நாலடியும் வேண்டாம்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடி பவுலும் இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கிக் கொடுத்தோம். தினமும் தண்ணீர் மாற்றியும் ஐந்தாம் நாள் இரண்டும் செத்துவிட்டன. பையன் சாப்பிடாமல் அழுதான். கடைக்காரர், "முதல்முறைதானே, ஒரு அடித் தொட்டி போதும், பழகின பிறகு பெரிசு வாங்கிக்கங்க" என்கிறார். என் கணவரோ வாங்கினால் நாலடித் தொட்டிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நாங்கள் இருப்பது வாடகை வீடு, இரண்டாவது மாடி. எந்த அளவு வாங்குவது? அந்த பவுலை என்ன செய்வது?
(பெயர் வேண்டாமே, வேளச்சேரி)

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். உங்கள் வீட்டுக்கு இதுதான் சரி.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று. மீன் செத்தது உங்கள் கவனக்குறைவால் இல்லை, சொல்லப்போனால் அதிகக் கவனத்தால். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், மிஞ்சின தீனியும் அழுகி அதையே உண்டாக்கும். பவுலில் பிடிக்கும் நாலைந்து லிட்டரில் இது விஷமாக ஏற சில மணி நேரமே போதும். அதைத் தீர்க்கத்தான் நீங்கள் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினீர்கள், அதில் வந்த குளோரின் செவுளைப் பதம் பார்த்திருக்கும். போதாததற்கு கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன், நன்றாக வளர்ந்தால் உள்ளங்கையைத் தாண்டும். பவுலுக்கும் அதற்கும் எந்த ஜென்மத்திலும் பொருத்தம் கிடையாது. ஆனாலும் எல்லாக் கடையிலும் ஜோடி சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். "புதுசா வளர்க்கிறவங்களுக்குச் சின்னத் தொட்டி" என்பது சைக்கிளுக்கு வேண்டுமானால் பொருந்தும், மீனுக்கு நேர்மாறு. சின்னக் கிண்ணத்துக் குழம்பில் ஒரு ஸ்பூன் உப்பு கூடினால் வாயில் வைக்க முடியாது, அதே ஸ்பூன் கல்யாண வீட்டு அண்டாவில் விழுந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் பையன் ஆசையில் ஒரு நாள் இரண்டு மடங்கு தீனி போடுவான் (போடுவான், எழுதித் தருகிறேன்), மே மாதம் மத்தியானம் கரண்ட் போகும், ஊருக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்புவீர்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அழுக்கும் சூடும் மெதுவாக ஏறும், உங்களுக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சென்னைக் கோடையில் ஒரு அடித் தொட்டியின் கதி உங்களுக்கே புரியும்.

கணக்கு சுலபம், பையனையே போடச் சொல்லுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். இரண்டடித் தொட்டிக்கு 56 வரும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் கல் பரப்பிய பிறகு உண்மையில் நிற்பது 45 லிட்டர் சுமாருக்கு. வாரம் ஒரு முறை அதில் கால்வாசியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், அதாவது ஒரு பக்கெட்டுக்கும் குறைவு. எடுத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், கறிவேப்பிலைச் செடிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை.

உங்கள் கணவர் கேட்கிற நாலடியை ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தோடு போட்டுப் பாருங்கள். 250 லிட்டருக்கு மேல். வாரம் கால்வாசி என்றால் நாலு பக்கெட், அதை யார் தூக்குவார்கள் என்று அவரிடமே கேளுங்கள், பதில் வரும்வரை ஆர்டர் கொடுக்க வேண்டாம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது, மறந்துவிடக் கூடாது. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் அதை வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், காலி பண்ணும்போது தூக்க நாலு ஆள் வேண்டும். இரண்டடித் தொட்டி எல்லாம் சேர்த்து 75, 80 கிலோ, கொஞ்சம் பருமனான ஒருவர் நிற்கிற மாதிரிதான். சுவரோரம் உறுதியான ஸ்டாண்டில், அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு, வெயில் நேராக விழாத இடத்தில் வைத்தால் கவலை இல்லை. டிவி ஸ்டாண்டில் மட்டும் வைக்காதீர்கள்.

கடையில் அறுகோணம், உருளை, ஒல்லியாக உயர்ந்தது என்று அழகழகாக வைத்திருப்பார்கள், பையன் அதைத்தான் கேட்பான். லிட்டர் ஒன்றாகவே இருந்தாலும் படுத்த தொட்டிதான் நல்லது. இரண்டடி நீளத் தொட்டியை அப்படியே நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் அதே அளவு, ஆனால் காற்று படுகிற மேல்பரப்பு பாதி. மீனும் மேலும் கீழுமாக நீந்துவதைவிடக் குறுக்கே நீந்துவதுதான் அதிகம். இன்னொன்று, உயரத் தொட்டியின் அடியைச் சுத்தம் பண்ண உங்கள் கை தோள்வரை நனையும்.

ஒரு அடித் தொட்டிக்கும் இரண்டடிக்கும் கண்ணாடி விலையில் வித்தியாசம் இருக்கும்தான், ஆனால் பில்டர், லைட், மூடி, ஸ்டாண்ட் எல்லாம் எதற்கானாலும் வாங்கியே ஆக வேண்டும். ஆறு மாதத்தில் மாற்றப்போகிற தொட்டிக்கு ஏன் இரண்டு தரம் செலவு? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரின் மறுகோடிக்கு, கொளத்தூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். தெருத்தெருவாக மீன்கடைகள், நாலு கடையில் விலை கேட்கலாம், பையனுக்கும் அது ஒரு திருவிழா. ஆனால் அன்றைக்கே மீனை வாங்கிவிடாதீர்கள்.

இதுதான் கஷ்டமான பகுதி. தொட்டியை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, மீனே இல்லாமல் நாலிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். அந்தத் தீனி அழுகி வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதைத் தின்று அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சில் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் ஒரு துண்டுப் பழைய பஞ்சு கேட்டு வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் ஆகும். பிற்பாடு கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பில்டரை நிறுத்துவதும், பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவதும் இந்தப் பாக்டீரியாக்களைக் கொல்கிற வேலை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட மறக்காதீர்கள்.

மீன் என்றால் ஆண் கப்பி ஆறு போதும், முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று. பெண் கப்பியும் சேர்ந்தால் மாதாமாதம் குட்டி போடும், அப்புறம் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். கப்பியும், அதே மாதிரிச் சின்ன மீனான பிளாட்டியும் கொஞ்சம் கடினமான போர் தண்ணீரையும் தாங்கும். கோல்ட் ஃபிஷ்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் மூன்றடித் தொட்டிக்குப் போக வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இன்று விரல் நீளம் இருப்பது ஒரு அடிக்கு மேல் வளரும். அப்படி வளர்ந்ததை ஏரியில் விட்டுவிட்டு வந்தவர்களின் புண்ணியத்தால்தான் நம் ஏரிகளில் வலை போடுகிறவர்கள் இன்றைக்கு அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்ன வயதில் நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃபைட்டர் மீன் வளர்த்தவன்தான். மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன் என்பதால் அது பிழைத்துக் கிடந்தது, நான் நன்றாக வளர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக்கூட 15, 20 லிட்டராவது வேண்டும் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பவுலைத் தூக்கிப் போட வேண்டாம், மணி பிளான்ட் வைத்து ஜன்னலோரம் வையுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் அதில் டெங்குக் கொசு வளரும், கொசு ஒழிப்புக்கு வருகிற மாநகராட்சிக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உங்களைத்தான் திட்டுவார்கள்.