மிக்கேல் பூ களுவாஞ்சிகுடியில் பூக்குமா?

வாசகர் கேள்வி – பதில்: பூந்தோட்டம்

கேள்வி: ஐயா, ரொறன்ரோவில் இருக்கிற மகள் போன ஐப்பசியில் ஒரு படம் அனுப்பினாள். வேலியோரம் முழுக்க நாவற்பழ நிறத்தில் பூ. அஸ்டராம். மற்றப் பூவெல்லாம் முடிந்த பிறகுதான் இது பூக்குமாம், பனிக்குள் பட்டுப்போய், அடுத்த வருடம் அதே வேரிலிருந்து முளைக்குமாம். வரும்போது விதையும் வேரும் கொண்டுவருகிறேன் என்கிறாள். எங்கள் வளவு மணல், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். வருமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, முதலில் மகளிடம் சொல்லுங்க, வேர் வேண்டாம், விதையும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வேரோடும் மண்ணோடும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கினால் வில்லங்கம். இந்தப் புத்தியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் உண்மைதான். மகன் வீட்டுக்குப் போய்வந்த ஒரு தரம் நானே சட்டைப்பைக்குள் ஒரு சிட்டிகை விதை கொண்டுவந்தேன். அப்போது இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது.

அதில் பாதியைக் கல்லடி வளவில், சாடியில் தும்புத்தூள் போட்டுத் தூவினேன். ஒன்றும் முளைக்கவில்லை. குளிருக்குள் கிடந்து எழும்பிப் பழகின விதையல்லவா என்று மிச்சத்தை ஈரமணலோடு ஒரு டின்னில் அடைத்து ஆறு கிழமை குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். சம்பலுக்கு மாசித்தூள் என்று நினைத்து மனுசி ஒருநாள் அந்த டின்னை எடுத்துவிட்டா. அன்றைக்கு நான் வாங்கிக் கட்டியதை இங்கே எழுத ஏலாது. மறுகா ஏழு கன்று முளைத்தது. முளைத்து என்ன, முள்ளங்கிக் கன்று மாதிரி இலையைத் தரையோடு பரப்பிக்கொண்டு அப்படியே கிடந்தன. தண்டு எழும்பவே இல்லை. கார்த்திகை மழையில் அடி அழுகி, தைப்பொங்கலுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிழை மணலிலும் இல்லை, உவரிலும் இல்லை. பகலில்தான். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணித்தியாலம், டிசம்பரில் ஒன்பது. நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. இந்தச் செடி நீண்ட பகலில்தான் தண்டை நீட்டும். பகல் சுருங்கும்போது மொட்டு வைக்கும். பிறகு உறைந்த மண்ணுக்குள் தூங்கி எழும்பும். நம்மிடம் அந்த நீண்ட பகலும் இல்லை, தூக்கமும் இல்லை. அங்கே அது பூக்கிற மாதத்தில் இங்கே வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். வெட்டுப்பூ வியாபாரத்துக்காக அஸ்டர் வளர்க்கிறவர்கள் இரவில் மின்குமிழ் எரித்துப் பகலை நீட்டுவார்கள். மின்சாரக் கட்டணம் உங்களுக்குத் தெரியும்.

அந்த முகவெட்டு வேண்டுமென்றால் செவ்வந்தி வையுங்க. அதுவும் அதே குடும்பம். பக்கக் கன்று பிரித்து நட்டால் வருடக்கணக்கில் நிற்கும். உவர்த் தண்ணீரை மட்டும் இலையில் படவிடாதீங்க.

கேள்வி: நான் ஆரையம்பதி, மிக்கேல் கல்லூரிப் பழைய மாணவன். இப்போது ஸ்காபரோவில். என் அஸ்டர் ஆளுயரம் வளர்ந்து சரிந்து விழுகிறது. கீழ் இலையில் வெள்ளைத் தூள் படிந்து கருகுகிறது. பற்றையின் நடுவும் மொட்டையாகிவிட்டது.
– வாசகர், கனடா

பதில்: மிக்கேல் மாணவர் கேட்பது பொருத்தம்தான் தம்பி. செப்டம்பர் 29 புனித மிக்கேல் திருநாளை ஒட்டிப் பூப்பதால் இங்கிலாந்தில் இதற்கு மிக்கேல் திருநாள் டெய்சி என்றே பெயர்.

சரிவதற்கு மருந்து கத்தரி. மே கடைசியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்க, ஜூனில் இன்னொரு தரம். கனடா தினத்துக்கு (ஜூலை 1) பிறகு கத்தரியைத் தொடக்கூடாது, மொட்டு போய்விடும். வெட்டின செடி கட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கும். கம்பு நட்டுக் கட்டுகிற வேலை அநேகமாக இராது. உங்களுடையது ஆளுயரம் வருகிறது என்றால் நியூ இங்கிலாந்து அஸ்டர் என்கிற இனமாகத்தான் இருக்கவேண்டும். வெட்டப் பஞ்சிப்பட்டால் பர்ப்பிள் டோம் என்கிற குட்டை வகை இருக்கிறது, ஒன்றரை அடிதான்.

வெள்ளைத் தூள் சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாததாலும், வேர் காய்வதாலும் வருவது. கன்றுக்குக் கன்று இரண்டு அடியாவது விடுங்க, தண்ணீரை அடியில் ஊற்றுங்க. கீழ் இலை எப்படியும் கொஞ்சம் கருகும். முன்னால் கட்டையான வேறு செடி வைத்து மறைப்பதுதான் தோட்டக்காரன் தந்திரம்.

நடு மொட்டையானால் செடிக்கு வயது போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கா வசந்தத்தில் முழுப் பற்றையையும் கிண்டி, வெளிவட்டத்து இளம் வேர்த்துண்டுகளை மட்டும் திரும்ப நடுங்க. நடுக்கட்டையை எறியுங்க. பூ முடிந்த தண்டை பனிக்காலம் முழுக்க நிற்கவிடலாம். பூத்திருக்கும்போது மொனார்க் வண்ணத்துப்பூச்சி வந்தால் துரத்தாதீங்க. அது மெக்சிகோ வரைக்கும் போகிற வழியில் தேன் குடிக்க இறங்குவது.

கேள்வி: கல்முனையில் ஒரு நாற்றுமேடையில் அஸ்டர் என்று வாங்கின கன்று அழகாகப் பூத்துவிட்டுப் பட்டுப்போனது. தண்ணீர் குறைந்ததா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இல்லை பிள்ளை, அதன் ஆயுள் அவ்வளவுதான். அது சீன அஸ்டர், பெயரில் மட்டும்தான் அஸ்டர். ஒருமுறை பூத்து விதைத்துவிட்டுச் சாகும். நம் ஊருக்கு இதுதான் தோது. கார்த்திகைக் கடைசியில் தாழ்வாரத்துக்குள் தட்டில் விதையுங்க, பொங்கல் கழிந்து மழை தணிந்ததும் ஒரு அடி இடைவெளியில் நடுங்க. வெயில் ஏறமுதல் பூத்துவிடும். அடுத்த வருடம் அதே இடத்தில், அதே சாடி மண்ணில் நடவேண்டாம். வாடல் நோய்ப் பங்கசு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். நல்ல பூ இரண்டைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்க. அடுத்த கார்த்திகைக்கே விதைத்துவிட வேண்டும், நாள்பட்டால் முளைக்காது. வைக்கிற டின்னில் பெயரை எழுதி ஒட்டுங்க.