ஆண்டைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: உஸ்மானிய ஆர்மீனியர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: உஸ்மானியப் பேரரசில் (இன்றைய துருக்கியின் பழைய அரசு) ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் கலகம் செய்தார்கள், சுல்தான் அடக்கினார். இதில் படுகொலை எங்கே வந்தது?

பதில்: எந்த ஆண்டு? 1894-96 (சுல்தான் அப்துல் ஹமீது காலத்துக் கொலைகள்), 1909 (அதானா நகரப் படுகொலை), 1915 (போர்க்கால நாடு கடத்தல்) மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் எந்த வாதமும் வெந்துவிடும்.

1894 சாசூனையே எடுப்போம். அந்த மலைக் கிராமத்து ஆர்மீனியர்கள் அரசுக்கும் வரி கட்டினார்கள், ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் குர்துத் தலைவர்களுக்கும் அழுதார்கள். ஒருகட்டத்தில் முடியாது என்று நின்றார்கள். 1887இல் ஜெனீவாவில் தொடங்கிய ஹுன்சாக் என்ற ஆர்மீனியப் புரட்சிக் கட்சியின் ஆட்கள் அங்கே போய் உசுப்பிவிட்டதும் உண்மை. ஆனால் 1878 பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு இவர்களுக்குத் தருவதாகச் சொன்ன சீர்திருத்தம் பதினாறு வருடமாக வரவில்லை. படைதான் வந்தது.

ஆக, சாசூனில் கலகம் என்ற பேச்சுக்கு ஓரளவு இடம் உண்டு. 1895 கடைசி மாதங்களுக்கு அது ஒட்டாது. படுகொலை நடந்த நாட்களைப் பாருங்கள்: ட்ராப்ஸோனில் அக்டோபர் 8, எர்சுருமில் அக்டோபர் 30, தியார்பக்கிரில் நவம்பர் 1. நடுவில்தான் வல்லரசுகளின் நெருக்கடியால் சுல்தான் அப்துல் ஹமீது சீர்திருத்தத் திட்டத்துக்குத் தலையாட்டுகிறார். ஆயுதம் ஏந்தி ஊரே எழுந்தது ஸெய்தூனில். உர்ஃபாவில் அப்படி எதுவும் இல்லை. டிசம்பர் இறுதியில் தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களை உள்ளேயே வைத்து எரித்தார்கள்.

கேள்வி: செத்தவர்கள் எத்தனை பேர்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

பதில்: 1894-96க்கு 80,000 முதல் 3 லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. ஒரே எண் கேட்டால் நான் பொய்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சென்னை ஆர்மீனியன் தெருக்காரர்கள் இதற்குத் தப்பி வந்தவர்களா?

பதில்: இல்லை. அவர்கள் பாரசீகத்தின் புதிய ஜுல்ஃபா வழியாக வந்த வணிகர்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் சென்னையில் அச்சானதே 1794இல். நம் மக்கள் அந்தத் தெருவை அரண்மனைக்காரன் தெரு ஆக்கியதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கேள்வி: 1896இல் தலைநகர் இஸ்தான்புல்லில் உஸ்மானிய வங்கிக்குள் குண்டுகளோடு புகுந்தவர்கள் பயங்கரவாதிகள்தானே?

பதில்: இன்றைய அகராதிப்படி, ஆம். ஆகஸ்ட் 26 அன்று தஷ்னாக் என்ற இன்னோர் ஆர்மீனியப் புரட்சிக் கட்சியினர் வங்கியைப் பிடித்துப் பணயக்கைதிகளை வைத்துக்கொண்டு, சீர்திருத்தம் வேண்டும், இல்லையேல் கட்டடத்தைத் தகர்ப்போம் என்றார்கள். தலைவர் பாப்கென் சியூனி தொடக்கத்திலேயே இறந்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மிஞ்சியவர்கள் வங்கி இயக்குநரின் சொந்தப் படகில் ஏறி, பிறகு பிரெஞ்சுக் கப்பலில் பத்திரமாக நாட்டைவிட்டுப் போனார்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் அதைத் தொடர்ந்து தலைநகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதற்கும் அவர்களே பொறுப்பு.

பதில்: புகுந்தவர்கள் கப்பலில் போய்விட்டார்களே ஐயா! தெருவில் தடியால் அடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பகுதி மூட்டை தூக்கிப் பிழைத்த கூலிகள். இரண்டு நாளில் ஏறத்தாழ 6,000 பேர் என்பார்கள். அவர்களில் யார் வங்கிக்குள் இருந்தது?

கேள்வி (மறுபடியும் அவரே): பதிலடி வரும் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

பதில்: இந்தக் கேள்வி நல்ல கேள்வி. ஐரோப்பாவை இழுத்துவர ரத்தம் சிந்தினாலும் சரி என்று நினைத்தவர்கள் அந்தக் கட்சிகளில் இருந்தார்கள். அதை மறைக்கும் ஆர்மீனிய எழுத்தாளர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் தூண்டியவன் குற்றம் அடித்தவன் குற்றத்தைக் கழுவாது. இன்னொன்று: சியூனி இறந்த பின் வங்கியில் தலைமை ஏற்ற அர்மேன் கரோ, 1908க்குப் பிறகு எர்சுரும் உறுப்பினராக அதே உஸ்மானிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். முதல் உலகப் போர் மூண்ட 1914இல் எதிரியான ரஷ்யர் பக்கம் போனார். உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது, எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலகத்தால்தானே சுல்தான்...

பதில்: முதல் பதில். ஆண்டைச் சொல்லுங்கள்.

கேள்வி: 1915. வான் நகரக் கலகம்தான் ஆர்மீனியரை நாடு கடத்தியதற்குக் காரணம் என்கிறார்களே?

பதில்: ஆண்டைச் சொன்னதற்கு நன்றி. வானில் சண்டை மூண்டது ஏப்ரல் 20. ஸெய்தூன் மக்களை அதற்கு முன்பே வெளியேற்றத் தொடங்கிவிட்டார்கள். போர்முனைக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த அங்காரா ஆர்மீனியர்களும் தப்பவில்லை. உள்துறை அமைச்சர் தலாத்தின் சொந்தக் குறிப்பேட்டில் ஆர்மீனியர் எண்ணிக்கை போருக்கு முன் சுமார் 12,56,000; 1917இல் 2,84,157. வானில் அத்தனை பேர் இல்லை.

கேள்வி (வங்கி வாசகர்): கரோவைப் பற்றி இன்னும்...

பதில்: நாளைக்கு.