மன்னவனூர் சிஸ்டர்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலையில் இருக்கிற மன்னவனூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வெகுகாலம் பிரசவம் பார்த்த சிஸ்டர் போன மாதம் காலமானார். மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைக்கும்போது, “கீழே வத்தலக்குண்டில் வைக்கிற நேரம் இங்கே பத்தாது, இன்னும் கொதிக்கட்டும்” என்பார். பிரசவத்துக்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வார். அப்புறம்தான் தொடுவார். நானும் அவர் கையில் பிறந்தவன்தான். அடுத்த வாரம் நினைவு ஆராதனையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இந்து. சபையார் அவருடைய விசுவாசத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார்கள். நண்பர்களோ, மதம் வேண்டாம், சேவையை மட்டும் சொல் என்கிறார்கள். எதைச் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்திலேயே பேச்சு இருக்கிறது. முழங்கை வரை சோப்பு, அப்புறம் ஜெபம். இந்த இரண்டையும் எழுதியிருக்கிற வரிசையிலேயே சொல்லுங்கள். ஒன்றைச் சபைக்கும் மற்றதை நண்பர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால், அந்த அம்மா இரண்டிலும் இருக்க மாட்டார்.

சிரிஞ்சு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் மலையின் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 93 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று சீக்கிரம் இறக்கினால் கிருமி மிச்சம் இருக்கலாம். அதைத் தெரிந்துவைத்திருந்து, பனியிலும் குளிரிலும் அடுப்புப் பக்கத்தில் கூடுதலாகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாரே, அந்த நிற்றல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1837இல், 16 வயதில், கடவுள் தன்னை அழைத்ததாக எழுதிவைத்தார். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் இறந்தார்கள் என்று பிற்பாடு கணக்குப் போட்டு, படம் வரைந்து காட்டியதும் அதே பெண்தான். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. உங்கள் சிஸ்டர் அந்த வழியில் வந்தவர்.

விசுவாசத்தை ஏன் விடக்கூடாது என்றால், நம் பக்கத்தில் இந்த வேலைக்கு முதலில் யார் வந்தார்கள் என்று பாருங்கள். அடுத்தவர் மலமூத்திரத்தைத் தொடுவது, அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்குவது, இதெல்லாம் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று சாதி சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே படியேறி வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். அந்தத் துணிச்சலை அவர்களுக்கு எது கொடுத்தது என்பதை மறைத்துவிட்டுச் சேவையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. அதைச் சொல்ல நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதும் இல்லை.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1960இல் உங்கள் கொடைக்கானலில்தான் இறந்தார். அவர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 1909இல் அவரோடு இருந்து வேலூரில் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கிய டெலியா ஹௌட்டன் பெயரைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. ஊருக்கு ஊர் இதே கதைதான், எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவரைத் தேவதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேவதைக்குப் படிப்பு வேண்டாம், சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம். அவருக்கு மூன்றும் வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லிச் சொல்லியே இன்றைக்கும் எத்தனையோ நர்ஸ்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிறோம்.

ஆராதனைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்களைப் போய்ப் பாருங்கள். ரத்தம் நிற்காமல் போனபோது அடிவயிற்றை எப்படித் தேய்த்துவிட்டார், எப்போது இனி தன்னால் ஆகாது என்று ஜீப்புக்கு ஆள் அனுப்பினார், குளிரில் பிறந்த குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சில் போட்டு எதைக்கொண்டு மூடினார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவரோடு ஆயாவாக வேலை பார்த்தவர் யாராவது ஊரில் இருந்தால் அவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு முன்னால் அவர் பேசட்டும்.