வயிற்று ஸ்கானில் கொரோனா எப்படித் தெரிந்தது?

வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் மாமாவுக்குக் கல் வலி என்று வயிற்றை சி.ரி. ஸ்கான் எடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் நுரையீரலில் கொரோனாவாக இருக்கலாம் என்று வந்திருக்கிறது. இருமலே இல்லாதவருக்கு இது எப்படி என்று கேட்கிறீர்கள்.

வயிற்று ஸ்கான் தொப்புளுக்குப் பக்கத்தில் தொடங்குவதில்லை. ஈரல் முழுதாகத் தெரியவேண்டும் என்று கொஞ்சம் மேலேயே தொடங்குவார்கள். அதனால் முதல் சில படங்களில் நுரையீரலின் அடிப்பகுதியும் வந்துவிடும். கொரோனா பெரும்பாலும் பிடிக்கும் இடமும் அதுதான்: இரண்டு பக்கமும், கீழே, வெளி ஓரமாக. படத்தில் நுரையீரல் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு சாம்பல் மூட்டம். அதனூடே இரத்தக்குழாய்கள் தெரியும்.

இருமல் இல்லாததும் புதிதல்ல. 2020இல் கொரோனா பரவிய டைமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலில் தொற்றியவர்களை ஸ்கான் செய்தபோது, அறிகுறி இல்லாதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த மூட்டம் இருந்தது.

ஆனால் மூட்டத்தை மட்டும் வைத்துக் கொரோனா என்று முடிவுகட்ட முடியாது. வேறு வைரஸ்களும், சில மருந்துகளும்கூட இப்படிக் காட்டும். பி.சி.ஆர். அல்லது அன்டிஜென் என்ற கொரோனாப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் கருவியால் இரத்தத்தில் உள்ள ஒட்சிசனையும் பாருங்கள். அது 94%க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். அப்புறம், கல்லை மறந்துவிடாதீர்கள், அதற்கும் வைத்தியம் வேண்டும்.